கைதட்டலுக்குக் கிடைத்த டிக்கெட்

என் கொழுந்தனுக்கு ஒரு கொள்கை உண்டு. சும்மா கொடுத்தால் வாங்கிக்கொள், கையெழுத்து மட்டும் போடாதே. மொத்தமாக ஒரு தொகை கட்டினால் வருஷா வருஷம் ஓட்டல்களில் தங்கலாம் என்று ஆள் சேர்க்கிற விடுமுறைக் கழகக்காரர்கள் இங்கே மலேசியாவில், ஈப்போ ஓட்டல் மண்டபங்களில் நடத்துகிற விளக்கக் கூட்டங்களுக்கு அவன் பெண்சாதியோடு போய்வருவது இந்தக் கொள்கைப்படிதான். “ஏர்கோன்ல உட்கார்ந்து மீகூன் சாப்பிட்டுட்டு, கடைசியில வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னா குடும்பத்துக்கே டிக்கெட் அண்ணி. இதைவிட லேசான சம்பாத்தியம் உண்டா?” என்பான். சுங்கை சிப்புட்டில், எங்கள் தாமான் குடியிருப்பில் மட்டுமே இப்படிப் போய்வந்தவர்கள் நிறையப் பேர். முன்பெல்லாம் பேரங்காடி வாசலில் ‘கோரெஸ் டான் மெனாங்’ என்று கீறிப் பார்க்கும் அட்டையை நீட்டுவார்கள். இப்போது போனில் கூப்பிடுகிறார்கள். கேளிக்கைப் பூங்காவுக்குப் பாதி விலையில் டிக்கெட், சில சமயம் முழுக்கவே இலவசம். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் சேர்ந்து வந்து அவர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டுப் போனால் போதும்.

இது லாபமா நஷ்டமா என்று எங்கள் வீட்டில் பேச்சு எழுந்தால் தட்டில் சோறு ஆறிப்போகும். நானும் என் வீட்டுக்காரரும் அப்படியொரு கூட்டத்துக்குப் போனோம், எதிலும் கையெழுத்துப் போடவில்லை, டிக்கெட்டும் கைக்கு வந்தது. கொழுந்தன் கணக்குப்படி சுத்தமான லாபம். அப்படியிருந்தும் அந்த மண்டபத்தில் பார்த்த ஒன்று எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

டிக்கெட்டின் விலை

முதலில் காசுக் கணக்கைப் பார்த்துவிடலாம், அது சீக்கிரம் முடிந்துவிடும். எங்களுக்குக் கொடுத்தது தம்பூன் லாஸ்ட் வேர்ல்டுக்கான டிக்கெட். சுண்ணாம்புக் குன்றுகளுக்கு நடுவே, வெந்நீர் ஊற்றோடு, 2004லிருந்து இருக்கிற பூங்கா. எங்கள் ஊரிலிருந்து ஈப்போ பக்கம் ஒரு எட்டு. பிள்ளைகளுக்கு அங்கே போவதென்றால் உயிர். நான்கு பேர் போனால் சில நூறு வெள்ளி (ரிங்கிட்) ஆகிவிடும் என்பது உண்மைதான். ஆனால் மைகார்ட் எனப்படும் அடையாளக் கார்டைக் காட்டினால் உள்ளூர்க்காரர்களுக்கு விலை குறைவு, முன்கூட்டியே இணையத்தில் வாங்கினால் இன்னும் கொஞ்சம் குறையும். கொழுந்தன் எப்போதும் வாசல் விலையை வைத்துத்தான் லாபம் சொல்வான், அந்த விலையில் விஷயம் தெரிந்த யாரும் வாங்குவதில்லை. கையில் வந்த டிக்கெட்டின் பின்பக்கத்திலோ பள்ளி விடுமுறையில் செல்லாது, சனி ஞாயிறு செல்லாது, பொது விடுமுறை செல்லாது என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. பிள்ளைகளுக்குப் பள்ளி, எனக்குக் கிளினிக், அவருக்குச் செம்பனை ஆலையில் ஷிப்ட். வார நாளில் போக வேண்டுமென்றால் எல்லாருமே ஏதோ ஒன்றை விட வேண்டும். கூட்டம் நடந்ததும் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு வேலைக்கு ஆலையில் இரட்டைச் சம்பளம். அதையும் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது காரின் பெட்ரோல் செலவுக்குச் சரியாகப் போகும்.

அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் கணக்கு வேறு மாதிரி. அங்கே டிஸ்னி பூங்காவுக்கு ஒரு நாள் டிக்கெட்டே 100 டாலரைத் தாண்டும், அதனால் தள்ளுபடிக்காக உட்காருகிற குடும்பங்களை நம்பி ஒரு பெரிய தொழிலே நடக்கிறது. 90 நிமிடம் என்று உட்கார வைத்து மதியம் வரைக்கும் இழுப்பது அங்கேயும் உண்டு. ஆனால் ஃபுளோரிடா சட்டம் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. கையெழுத்துப் போட்டவர் 10 நாளைக்குள் மனம் மாறினால் ரத்து செய்யலாம், ‘எனக்கு அந்த உரிமை வேண்டாம்’ என்று அவரிடமே எழுதி வாங்கியிருந்தாலும் அது செல்லாது. அப்படியொரு சட்டம் தேவைப்பட்டது என்பதிலிருந்தே அந்த மண்டபங்களில் என்ன நடக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

சரி, காசு விஷயம் இவ்வளவுதான். இதற்காக மட்டும் நான் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

மேசைக்கு வந்த தம்பி

எங்கள் மேசைக்கு வந்தவன் ஒரு தமிழ்ப் பையன். வெள்ளைச் சட்டை, டை, நெற்றியில் மெல்லிய திருநீறு. “அக்கா பசியாறிட்டீங்களா?” என்று ஆரம்பித்தான். கோலகங்சார் பக்கம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன், எஸ்பிஎம் பள்ளித் தேர்வை முடித்துவிட்டு இந்த வேலைக்கு வந்திருக்கிறான். ஆள் சேர்ந்தால்தான் கையில் காசு, அடிப்படைச் சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை என்று அவனே சொன்னான். அவன் மீது எனக்கு இன்றைக்கும் கோபம் இல்லை.

அவன் பேனாவை எடுத்து, தாளை எங்கள் பக்கம் திருப்பி வைத்து, தலைகீழாகவே எழுதினான். அப்படி எழுதப் பழகியிருக்கிறான், ஓர் எழுத்துகூடக் கோணவில்லை. ஓட்டல் அறை ஓர் இரவுக்கு 300 வெள்ளி. வருஷத்துக்கு ஒரு வாரம் என்றால் 2,100. 25 வருஷத்துக்கு 52,500. அந்தக் கடைசி எண்ணைச் சுற்றி இரண்டு வட்டம் போட்டான். “இவ்வளவு காசு நீங்க யாருக்கோ கொடுக்கப் போறீங்க அக்கா. எங்ககிட்ட 22,000தான். லங்காவி, கேமரன்மலை, போர்ட்டிக்சன், எங்க வேணும்னாலும் உங்க வீடு மாதிரி.” பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு என்று நான் கேட்டேன். அதுவரை அந்தத் தாளில் அதற்கு இடமே இல்லை. வருஷத்துக்கு ஏதோ ஒரு தொகை, பெரிசா ஒண்ணும் இல்லக்கா என்றான்.

வீட்டுக்கு வந்தபின் அந்த ‘பெரிசா ஒண்ணும் இல்ல’ என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வருஷத்துக்கு 600 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம், வருஷா வருஷம் 5 விழுக்காடு ஏறுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். 15ஆம் ஆண்டில் அது ஏறக்குறைய 1,200. 25 ஆண்டும் கூட்டினால் 28,000 வெள்ளிக்கு மேல். அதோடு 22,000ஐச் சேர்த்தால் 50,000 தாண்டுகிறது. அவன் வட்டம் போட்டுப் பயமுறுத்திய 52,500க்கும் இதற்கும் அதிகத் தூரமில்லை. அதுவும் வருஷா வருஷம் ஒரு வாரம் ஓட்டலில் தங்குகிற குடும்பத்துக்குத்தான் இந்தக் கணக்கே பொருந்தும். எங்கள் பக்கம் யார் அப்படித் தங்குகிறார்கள்? பள்ளி விடுமுறை என்றால் கிள்ளானில் சித்தி வீடு. தைப்பூசம் என்றால் ஈப்போ கல்லுமலைக் கோயில், அல்லது பினாங்கில் மாமா வீட்டுக் கூடத்தில் வரிசையாகப் பாய் போட்டுப் படுப்பது. அந்தத் தாளில் எங்கள் வாழ்க்கை ஒரு வரிகூட இல்லை, ஆனால் எண்கள் மட்டும் எங்களுடையவை போலத் தெரிந்தன.

சொந்தம்

அடுத்த மேசையில் ஒரு வயதான தம்பதி. பேச்சில் காதில் விழுந்ததை வைத்துச் சொல்கிறேன்: ஐயா செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டியவர், ஓய்வு பெற்றுக் கொஞ்ச காலம் ஆகிறது. அம்மா உரம் போடும் வேலை பார்த்திருக்கிறார். அடையாளக் கார்டையும் வங்கிப் புத்தகத்தையும் ஒரே பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, உறையை இரண்டாக மடித்து, அம்மா மடியில் வைத்திருந்தார். ஐயாவின் வலது கைக் கட்டைவிரல் முழுசாக மடங்கவில்லை. தண்ணீர்க் குவளையை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். அவர்களுக்கு வாய்த்தவர் எங்கள் தம்பியைவிட மூத்தவர், அனுபவசாலி. அவர் தாளில் கணக்கே எழுதவில்லை. ஒரே ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். சொந்தம். “இத்தனை வருஷம் தோட்டத்து வீட்டில இருந்தீங்க, அது உங்களுக்குச் சொந்தமாச்சா ஐயா? இது சொந்தம். உங்களுக்கப்புறம் பிள்ளைங்களுக்கு.”

தோட்டத்தில் பிறந்த யாருக்கும் இந்தப் பேச்சு எங்கே போய்க் குத்தும் என்று விளக்க வேண்டியதில்லை. வேலை இருக்கிறவரைதான் லயத்து வீடு. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். முப்பது, நாற்பது வருஷம் வாசலில் கோலம் போட்டு, முருங்கையும் வாழையும் வைத்து வளர்த்த இடத்தை விட்டுவிட்டு, ஊழியர் சேமநிதிக் காசை எடுத்துக்கொண்டு பட்டணத்தில் வாடகைக்குப் போக வேண்டும். என் அப்பா அம்மாவும் அப்படி வெளியே வந்தவர்கள்தான். வெள்ளைக்காரத் துரைமார்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போன காலத்தில் வேலையும் வீடும் ஒன்றாகப் போன குடும்பங்கள் எத்தனையோ. அந்தக் கொடுமைக்குப் பதிலாகத்தான் எங்கள் ஊர்க்காரரும் அன்றைய அமைச்சருமான துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், சம்பளத்தில் மிச்சம் பிடித்த காசில் தொழிலாளர்களைப் பங்கு வாங்கவைத்து, அந்தப் பணத்தில் தோட்டங்களையே வாங்கினார்கள். என் பாட்டி அந்தப் பங்குத் தாளை இரும்புப் பெட்டியில் சாமி படத்துக்கு அடியில் வைத்திருந்தார். தவணையில் காசு கட்டி, கையில் ஒரு தாள் வாங்கி, இது நமக்குச் சொந்தம் என்று நம்புவது எங்கள் சனங்களுக்கு ஏமாளித்தனம் அல்ல. ஒருமுறை அது உண்மையாகவே நடந்திருக்கிறது. அந்த நம்பிக்கையின் மீது ஏறி நின்றுகொண்டு அந்த மனிதர் பேசினார்.

இந்த நாட்டுச் சட்டப்படி இந்தத் திட்டங்கள் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2016ஆம் ஆண்டின் ஸ்கிம் கெப்பெந்திங்கான் (உரிமைப் பங்குத் திட்டங்கள்) சட்டத்தின் கீழ், எஸ்எஸ்எம் எனப்படும் நிறுவன ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டிய திட்டங்கள் இவை. வாங்குகிறவருக்குக் கிடைப்பது, ஒப்பந்தத்தில் எழுதியுள்ள ஆண்டுகள் வரை, இடம் காலியாக இருந்தால் தங்கிக்கொள்ளும் உரிமை. வீட்டு கிராண்ட் எனப்படும் உரிமைப் பத்திரத்தில் பெயர் ஏறாது, நிலம் வராது. ஆண்டுகள் முடிந்தால் உரிமையும் முடிந்தது. பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம் என்றால், மிச்சமிருக்கிற ஆண்டுகளையும் அந்த ஆண்டுகளுக்கான பராமரிப்புக் கட்டணத்தையும் சேர்த்தே எழுதி வைக்கிறோம்.

மணி அடித்தபோது

மண்டபத்தின் முன்பக்கம் ஒரு பித்தளை மணி வைத்திருந்தார்கள். யாராவது கையெழுத்துப் போட்டால் ஒருவர் ஓடிப்போய் அதை அடிப்பார், மைக்கில் அந்தத் தம்பதியின் பெயரைச் சொல்வார், எல்லாரும் கைதட்ட வேண்டும். நாங்கள் உட்கார்ந்திருந்தபோது மணி அடித்தது. பின்வரிசையில் ஒரு தம்பதி எழுந்து நின்று கையசைத்தார்கள். மண்டபமே தட்டியது. என் வீட்டுக்காரர் தட்டினார், நானும் தட்டினேன், எங்கள் மேசைத் தம்பி தலைக்கு மேலே கையைத் தூக்கித் தட்டினான். ஒரு குடும்பம் புதிதாக ஒன்று வாங்கினால் தட்டுவது மரியாதை, அவ்வளவுதான் தோன்றியது.

அப்போது அடுத்த மேசை அம்மா மெதுவாகத் திரும்பி மண்டபம் முழுவதையும் ஒரு பார்வை பார்த்தார். டை கட்டியவர்கள், பஞ்சாபி சூட் போட்ட பெண்கள், இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்த ஓர் இளம் ஜோடி, கிளினிக்குக்குப் போடுகிற சேலையில் நான். எல்லாரும் சிரித்த முகத்தோடு கைதட்டிக்கொண்டிருந்தோம். அவர் ஐயாவின் பக்கம் சாய்ந்து, “படிச்சவங்கல்லாம் சேர்றாங்க பாருங்க” என்றார்.

எனக்கு அந்த இடத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. அதுவரை நானும் கொழுந்தனைப் போலத்தான் நினைத்திருந்தேன்: இது எனக்கும் கம்பெனிக்கும் நடக்கிற போட்டி, நான் வேண்டாம் என்றால் நான் ஜெயித்தேன், அவர்களுக்கு ஒரு டிக்கெட் நஷ்டம். அப்படி நஷ்டப்பட்டுக்கொண்டே யாராவது இத்தனை காலம் மண்டபம் பிடித்து மீகூன் போடுவார்களா? மண்டப வாடகை, சாப்பாடு, அந்தத் தம்பியின் கமிஷன், என் பிள்ளைகளின் டிக்கெட் எல்லாமே கையெழுத்துப் போடுகிறவர் கொடுக்கும் விலைக்குள் அடக்கம். அது ஒரு பக்கம். அதைவிட முக்கியமான இன்னொன்று இருக்கிறது. வாங்க மாட்டோம் என்று முடிவுகட்டிக்கொண்டு வருகிற எங்களைப் போன்றவர்களும் அங்கே அவர்களுக்குத் தேவை. மண்டபம் பாதி காலியாக இருந்து, அந்த ஐயாவும் அம்மாவும் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தால் அவர்களுக்குச் சந்தேகம் வந்திருக்கும். நாற்காலிகள் நிறைந்திருக்க வேண்டும், பார்க்க மரியாதையான ஆட்கள் உட்கார்ந்திருக்க வேண்டும், மணி அடித்தால் தட்ட வேண்டும். எங்களுக்குக் கொடுத்த டிக்கெட் அந்த வேலைக்கான கூலி.

அம்மா என்னைப் பார்த்தார். பார்த்தபடியே கேட்டும் விட்டார்: “நீங்களும் சேர்றீங்களா தாயி?”

“இல்லம்மா, நாங்க சேரல. டிக்கெட்டுக்குத்தான் வந்தோம்” என்றேன். “நீங்களும் இப்ப ஒண்ணும் கையெழுத்துப் போடாதீங்க. தாளை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைங்ககிட்ட காட்டுங்க. நல்ல திட்டம்னா நாளைக்கும் இருக்கும்.”

சத்தமாகச் சொல்லவில்லை, ஆனால் அந்த மேசைக்காரருக்குக் கேட்டுவிட்டது. அவர் கோபப்படவில்லை, சிரித்தார். தாளை வீட்டுக்குக் கொடுக்க மாட்டோம், இந்த விலை இன்றைக்கு மட்டும்தான் என்று அவர்களிடம் பதமாகச் சொன்னார். இரண்டு நிமிடத்தில் மேனேஜர் என்று ஒருவர் வந்து, “ஐயா, உள்ளே ரூம்ல அமைதியா பேசலாம் வாங்க” என்று அவர்களை அழைத்துப் போனார். அதே கையோடு இன்னொருவர் எங்கள் மேசைக்கு டிக்கெட் உறையோடு வந்தார். மற்ற மேசைகளில் எல்லாம் இரண்டாவது ஆள், மூன்றாவது ஆள் என்று வந்து உட்கார்ந்து விலையைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு மட்டும் உடனே விடுதலை. அம்மா போகும்போது அந்த பிளாஸ்டிக் உறையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு போனார். வெளியே வராந்தாவில் நாங்கள் வெகுநேரம் நின்று பார்த்தோம், அவர்கள் வரவில்லை. பிள்ளைகளை அத்தை வீட்டில் விட்டிருந்தோம், கிளம்ப வேண்டியதாயிற்று. கையெழுத்துப் போட்டார்களா இல்லையா என்பது எனக்குத் தெரியாது.

கொழுந்தனின் கேள்வி

இதைச் சொன்னபோது கொழுந்தன் கேட்டான்: “நீங்க போகலன்னாலும் அவங்க வந்திருப்பாங்கதானே அண்ணி? வேற யாராவது அந்த நாற்காலியில உட்கார்ந்திருப்பாங்க. நீங்க இருந்ததாலதான் அவங்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல முடிஞ்சது.” நியாயமான கேள்வி, பல நாள் யோசித்தேன். ஒரு வார்த்தை சொல்வதற்காகவே ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒருவர் போவாரென்றால் அவன் சொல்வது சரிதான். ஆனால் அவன் அதற்காகப் போகவில்லையே. அவன் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்து, மணி அடித்தால் தட்டிவிட்டு, உறையை வாங்கிக்கொண்டு வருகிறான். அவர்கள் கேட்பதும் அந்த மௌனத்தைத்தான். நான் ஒரு வாக்கியம் பேசியதும் எவ்வளவு வேகமாக எங்களை வெளியே அனுப்பினார்கள் என்பதைப் பார்த்தாலே அது தெரியும். ஆகவே டிக்கெட்டுக்காக உட்காருவது கட்டுப்படியாகுமா என்று யாராவது என்னிடம் கேட்டால், கட்டாது என்பதுதான் என் பதில். காசுக் கணக்கில் நூறு வெள்ளி மிஞ்சினாலும் கட்டாது. அந்த நூறு வெள்ளி சேமநிதிக் காசோடு பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கிற யாரோ ஒருவருடையது.

வயதான அப்பா அம்மாவுக்கு இப்படி அழைப்பு வந்தால் பிள்ளைகள் யாராவது கூடவே போய் அதே மேசையில் உட்காருங்கள். உள்ளே விட மாட்டோம் என்றால் அவர்களையும் அழைத்துக்கொண்டு திரும்பி வந்துவிடுங்கள். கையெழுத்துப் போட்டாகிவிட்டதென்றால் அன்றைக்கே ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள், ரத்து செய்வதற்கு எத்தனை நாள் அவகாசம் என்று எழுதியிருந்தால் அந்த நாளுக்குள் எழுத்து மூலமாக ரத்துக் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பேசிப் பார்த்தும் நடக்கவில்லை என்றால் டிடிபிஎம் எனப்படும் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. மனுவுக்கு 5 வெள்ளிதான் கட்டணம், 50,000 வெள்ளி வரைக்கும் கோரலாம், வக்கீல் தேவையில்லை, விவகாரம் எழுந்து 3 ஆண்டுக்குள் போக வேண்டும். தீர்ப்பை 14 நாளைக்குள் நிறைவேற்றாவிட்டால் அது குற்றம். எங்கள் தோட்டத்துச் சனங்களில் பலருக்கு இந்த 5 வெள்ளி விஷயம் தெரியாது. கிளினிக்கில் மருந்துக்குக் காத்திருக்கிறவர்களிடம் நான் இதைப் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவைப்பது வழக்கமாகிவிட்டது.

கொழுந்தன் இன்னும் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் கூடவே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த என் ஓரகத்தி, “அந்த அம்மா எந்தத் தோட்டம்னு கேட்டீங்களாக்கா?” என்றாள். அவளுடைய அம்மாவும் உரம் போட்டவர்தான், போன வருஷம்தான் லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு இவர்களோடு வந்து இருக்கிறார். அடுத்த அழைப்பு வந்தபோது தான் வரப்போவதில்லை என்று அவள் சொல்லிவிட்டாள். ஜோடியாக வராதவர்களை அந்த மண்டபத்துக்குள் விடுவதில்லை.